பாடாத பெட்டி

யாழின் வயிற்றுப் பகுதிக்குப் பழந்தமிழர் ‘பத்தர்’ என்று பெயரிட்டிருந்தனர். மண்ணில் பதிந்த மான்குளம்பின் சுவட்டைப் பொருநராற்றுப்படை அதற்கு உவமையாகக் கூறும். நரம்பு தனியே அதிர்ந்தால் அருகிலிருப்பவர் செவிக்கும் அது சரியாக எட்டாது. அந்த நடுக்கத்தைத் தான் வாங்கி, மேலே போர்த்த தோலையும் உள்ளே அடைபட்ட காற்றையும் நடுங்கச் செய்து, அவைக்கு எடுத்துக் கொடுப்பது பத்தரின் பணி. பெரும்பாணாற்றுப்படையில் வரும் ஆயன், குழலூதிச் சலித்தபின், குமிழ மரத்தின் உள்துளையுள்ள கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டித் தானே ஒரு வில்யாழ் செய்துகொண்டு குறிஞ்சிப் பண் வாசிக்கிறான். மேய்ச்சற் காட்டில் கைக்குக் கிடைத்ததைக் கொண்டு செய்த கருவி அது. வகுப்பில் அப்பகுதியை நடத்தும்போதெல்லாம் அந்த ஆயன்மீது எனக்குத் தனியான பிரியம் உண்டு.

அரபியரின் நரம்புக் கருவிக்கு ‘அல்ஊது’ என்று பெயர். ஊது என்றால் மரம். நம் இல்லங்களில் மணக்கும் ஊதுவத்தியில் இருப்பதும் அதே சொல்தான். ஐரோப்பியர் அதனைத் தம் நாவுக்கேற்ப ‘லூட்’ ஆக்கிக்கொண்டனர். பழைய ஊதுக்கு நரம்புகள் நான்கு: ஸீர், மஸ்னா, மஸ்லஸ், பம். இவற்றுள் ‘பம்’ மிகத் தடித்தது; தமிழிசையார் ‘மெலிவு’ என்று சொல்லும் தாழ்ந்த, கனத்த ஒலி அதனுடையது. பத்தாம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த ‘இக்வானுஸ் ஸஃபா’ என்னும் அறிஞர் குழாம் தம் மடல்களில் இந்நரம்புகளுக்குப் பட்டிழைக் கணக்கே கொடுத்திருக்கிறது. பம் 64 இழை, மஸ்லஸ் 48, மஸ்னா 36, ஸீர் 27. ஒவ்வொன்றும் தனக்கு முந்தியதில் முக்கால் பங்கு. இந்தக் கணக்கை நினைவில் வைத்திருக்குமாறு வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன், பின்னால் தேவைப்படும்.

சென்ற ஆண்டு தென்மேற்குப் பருவமழையின்போது, குன்னூரில் என் வீட்டுக்கு அடுத்த வீட்டில், ஒரு தந்தையும் மகனுமாகச் சேர்ந்து ஓர் ஒலிபெருக்கிப் பெட்டி செய்தனர். ‘பேஸ் கிடார்’ எனப்படும் மந்த ஒலிக் கருவிக்கான பெட்டி. அதைப் பற்றித்தான் எழுத முனைந்தேன்.

மகன் பள்ளியில் என்னிடம் தமிழ் படித்தவன். இப்போது வீடுகளுக்கு மின்கம்பி இழுக்கும் வேலை பார்க்கிறான். ஓய்வு நாட்களில் நண்பர்கள் நால்வரோடு திருமண வரவேற்புகளிலும் கிறிஸ்துமஸ் விழாக்களிலும் வாசிக்கிறான். தந்தை இலங்கையின் மலையகத்தில் பிறந்தவர். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி தாயகம் திரும்பியோரில் ஒருவராகத் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியபோது அவருக்கு வயது பன்னிரண்டு. பின்னர் நீலகிரியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் 35 ஆண்டுகள் இயந்திரப் பிரிவில் உழைத்து ஓய்வு பெற்றார். தச்சு வேலையும் அறிந்தவர். என்னைவிட மூத்தவராதலால் நான் அவரை அண்ணன் என்பேன். அவருக்கு நான் ‘வாத்தியாரய்யா’.

அந்த 35 ஆண்டுகள் அவருடைய செவியை எடுத்துக்கொண்டன. தேயிலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. உருளைகளுக்கும், உலர்த்தி அடுப்பின் காற்றாடிக்கும் நடுவில் அவர் நின்ற காலத்தில், காதடைப்பான் என்று ஒன்று இருப்பதாகவே அவருக்கு எவரும் சொல்லவில்லை. ஓயாத இரைச்சல் செவியைத் தாக்கும்போது எல்லா ஒலிகளையும் ஒரே சமயத்தில் அழிப்பதில்லை. நொடிக்கு 4,000 அதிர்வுகளை ஒட்டிய உயர்ந்த ஒலிகளை உணரும் நுண்மயிர் அணுக்கள் முதலில் சாகின்றன. தாழ்ந்த ஒலிகள் நெடுநாள் தப்பிப் பிழைக்கின்றன. தஜ்வீத் பயின்றோருக்கு இதை எளிதாக விளக்கலாம். ஸாத், ஸீன், ஸாய் என்னும் மூன்றையும் சீழ்க்கையொலி எழுத்துகள் என்ற பொருளில் ‘ஸஃபீர்’ எழுத்துகள் என்கிறோமல்லவா? அத்தகைய ஒலிகளே முதலில் மறைகின்றன. தமிழிலக்கணப்படி சொல்வதானால், அவருக்கு உயிர் கேட்கும். மெய் பலவும் கேளா. “சாப்பிட்டாயா?” என்று மனைவி கேட்டால் அவர் செவியில் ஆ, இ, ஆ, ஆ என்று ஒரு ஓசை மட்டும் போய்ச் சேர்கிறது. யாரோ பேசுவது தெரிகிறது, என்ன பேசுகிறார் என்பது தெரிவதில்லை. கோவையில் மருத்துவரிடம் வாங்கிய செவிக்கருவி மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அது எல்லாச் சத்தத்தையும் பெரிதாக்குகிறதே தவிரச் சொல்லைத் தெளிவாக்கவில்லை என்பது அவர் கட்சி. கேள்விக்குப் பொருந்தாத விடை சொல்லிப் பிறர் சிரிக்கக் கண்டபின், அவர் பேச்சையே குறைத்துக்கொண்டார். அந்த வீட்டில் தந்தையும் மகனும் பேசிக்கொண்டு நான் கேட்டு இரண்டு மூன்று ஆண்டுகளாயிருக்கும். பகை ஏதுமில்லை. பேச்சு நின்றுபோயிருந்தது, அவ்வளவே.

பெட்டிக் கணக்கு என்னிடம் வந்த வழி வேடிக்கையானது. மத்ரஸாவில் ‘ஃபராயிள்’ என்னும் சொத்துரிமைப் பங்கீடு கற்றவர்களுக்குப் பின்னக் கணக்கு அச்சமில்லை. பாதி, கால், அரைக்கால், மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று என்று இளமையிலேயே பழகிவிடுகிறோம். “சார், நீங்க பின்னம் நல்லாப் போடுவீங்க” என்று ஒரு தாளோடு வந்து நின்றான் பையன்.

‘மௌலவிக்கு இசைப்பெட்டியில் என்ன வேலை?’ என்று வாசகரில் சிலர் கேட்கக்கூடும். நரம்பிசை குறித்து மார்க்க அறிஞரிடையே உள்ள கருத்து வேறுபாடு பழையது. ஷாஃபிஈ மத்ஹபின் நூல்கள் இதில் கண்டிப்பானவை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவில் இசை கேட்பதற்கென்றே தனி இயல் வகுத்து, பலவற்றுக்கு வழிவிட்டும், மதுக்கூடங்களோடு ஒட்டியவை என்பதால் நரம்புக் கருவிகளை விலக்கியும் எழுதியுள்ளார்கள். அதே வேளையில், ஃபாராபியின் ‘கிதாபுல் மூஸீகல் கபீர்’ போன்ற பெருநூல்கள் நம் அறிவு மரபில் தோன்றியவையே. அவ்வழக்கை இங்கே தீர்த்து வைக்க நான் வரவில்லை. பையன் நம் சமயத்தவனல்லன். அவன் கேட்டது தீர்ப்புமன்று, கணக்கு. பெட்டிக்கோ தன்னுள் எது ஒலிக்கிறது என்ற கவலையில்லை. நாகூர் ஈ. எம். ஹனீபாவின் கம்பீரக் குரலைக் கூம்பு ஒலிபெருக்கியில் மட்டுமே கேட்டு வளர்ந்த தலைமுறை நாம். அக்கூம்பு கீழொலிகளை விழுங்கிவிடும் என்பதையும், அக்குரலின் அடித்தளத்தில் பாதியை நாம் கேட்டதேயில்லை என்பதையும் இந்தப் பெட்டி வேலையின்போதுதான் எண்ணிப் பார்த்தேன்.

அவன் தாளில் முதலில் இருந்தவை நான்கு எண்கள். 41.2, 55, 73.4, 98. பேஸ் கிடாரின் நான்கு நரம்புகளும் நொடிக்கு எத்தனை முறை அதிர்கின்றன என்னும் கணக்கு. 1951ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் என்பார் விற்பனைக்குக் கொண்டுவந்த மின்சார பேஸ் கிடாரிலிருந்து இன்றுவரை வழக்கமான சுருதி இதுவே. நான் பின்னத்தைப் போட்டுப் பார்த்தேன். 55இல் முக்கால் 41.25. 73.4இல் முக்கால் 55.05. 98இல் முக்கால் 73.5. புள்ளிக்குப் பின்னால் சிறு வேறுபாட்டைத் தள்ளிவிட்டால், பஸ்ரா அறிஞர்கள் பட்டிழையில் எழுதிய அதே விகிதம்! ஆயிரம் ஆண்டு கடந்து, கடல் பல கடந்து, மின்கம்பியும் காந்தமும் சேர்ந்தபின்னும், நான்கு நரம்பும் நான்குக்கு மூன்று என்ற ஏற்பாடும் மாறவில்லை. அன்றிரவு எனக்கு உறக்கம் வரத் தாமதமாயிற்று என்றால் மிகையில்லை. பையனுக்கு இதில் அவ்வளவு வியப்பு உண்டாகவில்லை. “அப்போ அது சரிங்களா சார்?” என்றான்.

அவனுடைய முதல் திட்டம் வேறாக இருந்தது. வீட்டுப் பரணில் ஒரு பழைய தேயிலைப் பெட்டி இருந்தது. மெல்லிய ஒட்டுப்பலகை, விளிம்பெல்லாம் தகரப் பட்டை, உள்ளே ஈயத்தாள். ஏறத்தாழ 50 கிலோ தேயிலை கொள்ளும் அத்தகைய பெட்டிகளில்தான் ஒரு காலத்தில் இலங்கைத் தேயிலையும் நீலகிரித் தேயிலையும் இலண்டன் ஏலத்துக்குப் போயின. பிறகு காகிதப் பைகள் அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. அண்ணன் குடும்பம் இலங்கையிலிருந்து தன் உடைமை முழுவதையும் கட்டிக்கொண்டு வந்தது அந்தப் பெட்டியில். அதில் ஒரு வட்டத் துளையிட்டு ஸ்பீக்கரைப் பொருத்தினால் செலவு மிச்சம் என்பது மகனின் எண்ணம்.

எண்ணத்தில் ஒரு வரலாறும் ஒளிந்திருந்தது. 1950களின் நடுவில் பிரிட்டனில் ‘ஸ்கிஃபில்’ என்றொரு ஏழைகளின் இசை பரவியது. கருவி வாங்கக் காசில்லாத பிள்ளைகள், நம் நாட்டிலிருந்து போய் வெறுமையான தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து, அதன் நடுவில் ஒரு கயிற்றைக் கட்டி, மறு நுனியைத் துடைப்பக் கழியில் முடிந்து, கழியைச் சாய்த்து இழுத்து மந்த ஒலி எழுப்பினர். பின்னாளில் ‘பீட்டில்ஸ்’ ஆகி உலகப் புகழ் பெற்ற குழுவின் முன்வடிவான ‘குவாரிமென்’ என்னும் லிவர்பூல் சிறுவர் குழுவிலும் அத்தகைய பெட்டிதான் இருந்தது. கொழுந்து பறித்த கைகளுக்கு இச்செய்தி எட்டியிராது. ஆயனின் குமிழங்கொம்புக்கும் அந்தத் தேயிலைப் பெட்டிக்கும் உறவு உண்டு என்றே எனக்குப் படுகிறது.

துளையிடு முன் சோதிக்கலாம் என்று, பெட்டியின் திறந்த வாயின்மேல் ஒரு பலகையை வைத்துக் கட்டி, அதில் ஸ்பீக்கரைப் பூட்டி வாசித்துப் பார்த்தான். பக்கத்து வீட்டிலிருந்து எனக்குக் கேட்டது ஒரே ஒரு உறுமல். எந்த நரம்பைத் தட்டினாலும் அதே உறுமல். போய்ப் பார்த்தபோது அண்ணன் பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை ஒட்ட வைத்தபடி நின்றிருந்தார். இயந்திரம் பழுதானால் கையால் தொட்டே தாங்கி தேய்ந்ததைச் சொல்பவர் அவர், பழைய பழக்கம். சிறிது நேரம் கழித்து என் பக்கம் திரும்பி, “வாத்தியாரய்யா, இவன் வாசிக்கிறத இது சொல்லலிங்க. இது தம் பாட்டத் தானே பாடுது” என்றார்.

பல மாதங்களில் நான் அவரிடமிருந்து கேட்ட நீண்ட பேச்சு அது. மகனும் கேட்டான்.

அவர் சொன்னது அப்பட்டமான உண்மை. யாழின் பத்தரும் ஸ்கிஃபில்காரரின் தேயிலைப் பெட்டியும் பாட வேண்டிய பெட்டிகள். அவை அதிர்வதே இசை. மின்சார ஒலிபெருக்கியின் பெட்டிக்கு அந்த உரிமை கிடையாது. அது பாடக்கூடாது. வாசிப்பவன் விரலில் பிறந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஹதீஸ் கலையில் அறிவிப்பாளரின் சொந்தச் சொல் மூல வாசகத்துக்குள் புகுந்துவிட்டால் அதை ‘முத்ரஜ்’ என்று தனியே பிரித்து அடையாளமிடுவார்கள். ஒப்பிடத் தகாதவற்றை ஒப்பிடுவதாக யாரும் எண்ண வேண்டாம்; பிழை புகும் வழி ஒன்றுபோல இருப்பதையே குறிப்பிடுகிறேன். தேயிலைப் பெட்டியின் உறுமல் முழுவதும் முத்ரஜ். மெல்லிய பலகை தன் இயல்பான அதிர்வெண்ணில் ஆடி, எல்லா நரம்பின் பேரிலும் தன் பேச்சையே பேசிவிட்டது. “அத உடச்சு வேற வேலைக்கு வச்சுக்க” என்று அண்ணன் தாராளமாகச் சொன்னார். நல்லவேளையாக மகன் உடைக்கவில்லை. பெட்டி மீண்டும் பரணேறிவிட்டது.

அப்படியானால் பெட்டியே எதற்கு, ஸ்பீக்கரை வெறுமனே நிறுத்தி வைக்கலாமே என்று கேட்கலாம். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்னே காற்றைத் தள்ளும் அதே கணத்தில் பின்னே காற்றை இழுக்கிறது. மேலொலிகளுக்கு இதனால் கேடு அதிகமில்லை. கீழொலியின் அலையோ மிக நீண்டது, 41.2 அதிர்வுக்கு ஓர் அலையின் நீளம் 8 மீட்டருக்கும் மேல், எங்கள் தெருவின் வீடுகளில் எந்த அறையும் அந்த நீளம் கிடையாது. அவ்வளவு நீண்ட அலை, கூம்பின் விளிம்பைச் சுற்றி வந்து முன்னும் பின்னும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. தள்ளியதும் இழுத்ததும் கழிந்து மிச்சம் பூச்சியம். ஆகவே பின்னொலியைச் சிறைவைக்க ஒரு பெட்டி வேண்டும்.

சிறைவைத்த பின்னொலியை வீணாக்காமல் பயன்கொள்ளும் வழியை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் துராஸ் கண்டார். 1932இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. பெட்டியில் ஒரு குழாயை வைத்துவிட்டால், பெட்டிக் காற்று வில்போலவும் குழாய்க் காற்று அதில் கட்டிய எடைபோலவும் சேர்ந்து ஆடும். வெறும் சோடாப் புட்டியின் வாயில் குறுக்காக ஊதிப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. அந்த ஆட்டம் குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணில் மிகும். அங்கே பின்னொலி திசை திரும்பி, முன்னொலிக்குத் துணையாக வெளிவரும். ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863இல் வெளியிட்ட நூலில் இத்தகைய வெற்றுப் பாத்திரங்களின் ஒலியை விரிவாக ஆராய்ந்தார். அவருக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, 1557இல் கட்டி முடிக்கப்பட்ட இஸ்தான்புல் சுலைமானிய்யா பள்ளிவாசலின் குவிமாடத்துக்குள் சிற்பி சினான் வெற்று மண்கலங்களை வாய் உள்நோக்கிப் பதித்து வைத்தார். பேரொலி முழக்கத்தை அடக்கி ஓதும் குரலை ஒழுங்குபடுத்தும் நோக்கம் அதற்குச் சொல்லப்படுகிறது. கலம் ஒன்றுதான், ஓரிடத்தில் ஒலியை உண்ணவும் ஓரிடத்தில் ஒலியைத் தரவும் பயன்படுகிறது.

பெட்டியும் குழாயும் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை ஊகத்திலிருந்து கணக்குக்குக் கொண்டுவந்தவர்கள் இருவர். ஆஸ்திரேலியரான நெவில் தீல் 1961இல் எழுதிய கட்டுரை முதற்படி. 1970களின் தொடக்கத்தில் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்மால் அதை நிறைவு செய்தார். இன்று ஸ்பீக்கர் வாங்கினால் கூடவரும் தாளில் அவ்விருவர் பெயரால் சில எண்கள் இருக்கும். கோவையில் வாங்கிய 15 அங்குல ஸ்பீக்கரின் எண்களைக் கொண்டு, பெட்டிக்குள் 100 லிட்டர் காற்றும் 45 அதிர்வு இசைவும் போதும் என்று பையன் முடிவு செய்திருந்தான். 41.2ஐ விட்டு ஏன் 45 என்று கேட்டேன். தடித்த நரம்பைத் தட்டும்போது செவிக்கு வரும் வலுவில் பெரும்பகுதி அதன் இருமடங்கான 82 அதிர்வில்தான் இருக்கிறதாம். அடியொலி குறைந்தாலும் செவி அதைத் தானே நிரப்பிக்கொள்ளுமாம். விட்ட சொல்லை வருவித்துப் பொருள் கொள்வதை நம் இலக்கணத்தார் எச்சம் என்றும், அரபியர் ‘தக்தீர்’ என்றும் சொல்வர். செவிக்கும் இலக்கணம் தெரிகிறது!

மலை உயரம் பற்றிய கவலை ஒன்று அவனுக்கு இருந்தது. குன்னூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரம். காற்று சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு மெலிந்தது. குழாய்க் கணக்கு இதனால் பிறழுமோ? பிறழாது. காற்று மெலிந்தால் வில்லும் மெலிகிறது, எடையும் மெலிகிறது, விகிதம் நிலைக்கிறது. மாற்றுவது குளிர்தான். 30 பாகை வெப்பமுள்ள மேட்டுப்பாளையத்தில் ஒலி நொடிக்கு 349 மீட்டர் போகும்; 15 பாகைக் குன்னூரில் 340. ஆகவே இங்கே 45க்கு இசைத்த பெட்டி, மலையிறங்கினால் 46 ஆகிவிடும். அந்த ஓர் அதிர்வைக் கேட்டுக் கண்டுபிடிப்பவர் யாருமில்லை. நீலகிரிக் கோத்தர்கள் விழாவில் வாசிக்கு முன் தம் தோற்கருவிகளைத் தீயில் காட்டிச் சுருதி ஏற்றுவார்கள். ஈரமும் குளிரும் தோலைத் தளர்த்திவிடுவதால் வரும் தேவை அது. பிளாஸ்டிக் குழாய்க்கு அந்தத் தொல்லை இல்லை.

பலகை 18 மில்லிமீட்டர் பிளைவுட். இம்மலையின் ஈரத்துக்கு அஞ்சி ஐஎஸ் 710 முத்திரையிட்ட, தண்ணீர் தாங்கும் வகையாகப் பார்த்து வாங்கினார்கள். உள்ளளவு 40, 45, 60 செண்டிமீட்டர். பெருக்கினால் 108 லிட்டர். ஸ்பீக்கரின் பின்பகுதியும் குழாய்களும் குறுக்குச் சட்டங்களும் அடைக்கும் இடம் 8 லிட்டர் போக, வேண்டிய 100 மிஞ்சும். மூன்று அளவும் வேறுவேறாக இருந்தால்தான் ஒலி உள்ளே ஒரே இடத்தில் குவியாது. மழைக்காலத்தில் தேயிலைத் தோட்டத்தில் வெட்டி விற்ற சில்வர் ஓக் மரத்தின் ரீப்பர்களை மூலைகளுக்கு வைத்தார் அண்ணன். மூலைமட்டம் வைத்துப் பார்க்காமல் அவர் ஓர் ஆணியும் அடிக்கவில்லை. மகன் அவசரக்காரன்; ஸ்குருவைப் பாதி முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போவான். அண்ணன் பேசாமல் பின்னாலேயே வந்து மீதியை முறுக்குவார். மூன்றாம் நாள் மகன் தானாகவே முழுதும் முறுக்கத் தொடங்கியிருந்தான்.

பெட்டி உருவானதும் உள்ளங்கைச் சோதனை மீண்டும் நடந்தது. முதுகுப் பலகையின் நடுவில் அண்ணனுக்கு ஏதோ தட்டுப்பட்டது. எங்கள் காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை. “இங்க நிக்க மாட்டேங்குது” என்று பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். அவ்விடத்தில் முன்னிருந்து பின்னுக்கு ஒரு குறுக்குச் சட்டம் போட்டு ஃபெவிகாலும் மரத்தூளும் குழைத்து அடைத்தபின், பழைய ஒலியையும் புதிய ஒலியையும் ஒப்பிட்டபோதுதான் முன்பிருந்த மங்கல் எங்களுக்குப் புலப்பட்டது. கேட்காத காது கண்ட குறையைக் கேட்கும் காதுகள் அது நீங்கியபின் அறிந்தன. காற்றுக் கசிவுக்கு நானும் ஒரு யோசனை சொன்னேன்; என் பங்குக்கு அது ஒன்றுதான். ஊதுவத்தியைக் கொளுத்தி மூட்டுகளின் ஓரமாகக் காட்டச் சொன்னேன். ஒலி எழும்போது ஓரிடத்தில் புகை திடுக்கிட்டு விலகியது. அங்கே மயிரிழை இடைவெளி இருந்தது. ஊதின் இசைக்கு ஊதின் புகை உதவிற்று.

எல்லாவற்றிலும் அருமையான வேலை குழாயை இசைப்பது. 4 அங்குலக் குடிநீர்க் குழாய்த் துண்டு இரண்டு. கணக்கு 17 செண்டிமீட்டர் என்றது. அண்ணன் 19க்கு வெட்டினார். வெட்டியதைக் குறைக்கலாம், குறைத்ததை நீட்ட முடியாதல்லவா? பிறகு கைப்பேசியிலிருந்து ஒற்றை ஒலியை 60 அதிர்விலிருந்து மெல்ல மெல்ல இறக்கிக்கொண்டே வந்தான் பையன். கூம்பு கண்ணுக்குத் தெரிய ஆடிக்கொண்டிருந்தது. 50ஐத் தாண்டியதும் ஆட்டம் குறையலாயிற்று. 43ஐ நெருங்கியபோது கூம்பு ஏறக்குறைய அசைவற்று நின்றுவிட்டது. ஒலி நிற்கவில்லை. அறைச் சன்னல் கிடுகிடுத்தது. கூம்பின் வேலையைக் குழாய்க் காற்று முழுதும் ஏற்றுக்கொண்டிருந்தது. குழாயின் வாயில் பிடித்த காகிதத் துணுக்கு படபடத்தது. 43க்கும் கீழே போனதும் கூம்பு மறுபடி கட்டவிழ்ந்து ஆடத் தொடங்கியது. அது நின்ற இடமே பெட்டியின் சுருதி. வேறு கருவி வேண்டியதில்லை.

அந்த நிலைநிற்றலைக் கண்டுபிடிக்கும் பணியை அண்ணன் எடுத்துக்கொண்டார். கூம்பின் விளிம்பில் ஒரு விரல்நுனியைப் பட்டும் படாமலும் வைத்துக்கொண்டு, மறு கையால் மகனுக்கு ‘இறக்கு, இறக்கு, நிறுத்து’ என்று சைகை காட்டினார். குழாயை ஒரு செண்டிமீட்டர் அறுப்பது, மறுபடி தேடுவது. இரண்டாவது அறுப்பில் 45. கணக்கும் விரலும் ஒரே இடத்தில் வந்து நின்றன. அன்று மாலை முழுவதும் அவ்விருவருக்கிடையில் நான் எண்ணியவரை இருபது சொல்கூட நடந்திராது. தேவையும் இருக்கவில்லை.

பின்னர் மகன் கிடாரை எடுத்து முழுதாக வாசித்தான். என்ன பாடல் என்று எனக்குத் தெரியாது. அண்ணன் பெட்டிக்கு ஆறடி தள்ளி நாற்காலியில் அமர்ந்தார். இம்முறை கையை வைக்கவில்லை. கீழொலி அவர் செவியில் இழப்பில்லாமல் விழும் பகுதி. மகன் ஒரு நரம்பை மாற்றிப் பிடித்தபோது அவர் புருவம் அசைந்ததைக் கண்டேன். நடுவில் ஓரிடத்தில் அவன் தடுமாறினான். “அந்த எடத்துல வெரசாப் போய்ட்ட” என்றார். மகன் கையை எடுத்துவிட்டுத் தந்தையைப் பார்த்தான். பிறகு அதே பகுதியை நிதானமாக மறுபடி வாசித்தான். அவர் தலையசைத்தார்.

இதை அற்புதம் என்று எவரும் எழுதிவிட வேண்டாம். அவர் செவி திரும்பவில்லை. மறுநாள் காலையும் மனைவியின் கேள்விக்கு அவர் பொருந்தாத விடையே சொன்னார். எனினும் அன்றிரவு என்னைத் தனியே அழைத்து அவர் கேட்ட கேள்விதான் இந்த வேலை முழுவதிலும் என்னை உலுக்கியது. “வாத்தியாரய்யா, மெஷின் சத்தம் எங் காத வாங்கிருச்சு. இத நாந்தான் செஞ்சு குடுத்தேன். இது இவன் காதையும் வாங்கிருமா?”

வாங்கும், கவனிக்காவிட்டால் வாங்கும் என்றேன். அவரிடம் ஆறுதலுக்காகப் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தொழில்நல அறிஞர் பலரும் ஏற்கும் கணக்கு ஒன்று உண்டு. 85 டெசிபெல் ஒலியில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் இருக்கலாம். அதன்மேல் ஒவ்வொரு மூன்று டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும். 88க்கு நான்கு மணி, 91க்கு இரண்டு, 94க்கு ஒன்று, 97க்கு அரை, 100க்கு கால் மணி. மீண்டும் பின்னம்தான். மரபுரிமைப் பங்குப் பட்டியல் எழுதுவதுபோலவே ஒரு தாளில் எழுதி, பெட்டியின் முதுகில், அண்ணன் முன்பு பென்சில் வட்டம் போட்ட இடத்தில் ஒட்டினோம். மேடையில் பெட்டியை வாசிப்பவனின் காதுக்கு நேராக வைக்காமல் பின்னுக்குத் தள்ளி வைப்பது, நுரைக் காதடைப்பான் இல்லாமல் மேடையேறாதது என்ற இரண்டு நிபந்தனைகளும் உடன் எழுதப்பட்டன. உண்மையில் காதைக் கெடுப்பதில் கீழொலியைவிட முரசுக்காரனின் வெண்கலத் தாளத்துக்கே பங்கு அதிகம் என்று சொன்னேன். அதனால் முரசுக்காரப் பையனும் ஒருநாள் அழைக்கப்பட்டு, அண்ணன் முன்னால் அமர்ந்து அந்தத் தாளை வாய்விட்டு வாசிக்க வேண்டியதாயிற்று. மெய்யெழுத்து கேளாதவர் முன் உரக்க வாசிப்பதில் பயனென்ன என்று அவன் கேட்கத் துணியவில்லை.

அண்ணன் இப்போது காதடைப்பான்களைத் தம் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். மகன் கிளம்பும்போது கதவருகில் நின்று கையில் கொடுக்கிறார். செவிக்கருவி இன்னும் இழுப்பறையில்தான் இருக்கிறது. அதைப் பற்றி மருமகனாக வரப்போகிறவரைக் கொண்டு சொல்லிப் பார்க்கலாம் என்று அவர் மனைவி நினைக்கிறார்.

எட்டடிக்கு நான்கடிப் பிளைவுட்டில் பாதி மிஞ்சிக் கிடக்கிறது. அதில் இன்னும் ஒரு பெட்டி ஆகும் என்று அண்ணன் கணக்குப் போட்டுவிட்டார். இம்முறை 12 அங்குல ஸ்பீக்கர், 60 லிட்டர்; கோத்தகிரியிலிருந்து ஒருவர் வந்து கேட்டிருக்கிறாராம். அளவுகளை எழுதி நேற்று என் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். குழாய் நீளத்தில் ஓரிடத்தில் பின்னம் தலைகீழாக விழுந்திருக்கிறது. அஸருக்குப் பின் போய்த் திருத்திக் கொடுக்க வேண்டும்.